அப்பா பேசியபோது நான் வளைவில் இருந்தேன்

என் அப்பா தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் மைக் முன்னால் நின்று பேசினார். அன்றைக்கு அந்த ஹாலில் எண்பது பேர் இருந்திருப்பார்கள். எழுபத்தொன்பது பேர் அவர் பேசியதைக் கேட்டார்கள். மிச்சம் இருந்த ஒருவன் நான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பி.காம். முடித்துவிட்டு மைசூரில் யாதவகிரி வீட்டு மாடியில் "வேலை தேடிக்கொண்டிருந்தேன்" (வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன் என்பது தங்கை கீதாவின் திருத்தம்). அப்பா ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க். அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறவிருந்தார்.

அந்த நேரம் பார்த்து சிங்கப்பூரிலிருந்து பெரியம்மாவும் அவர் மகன் ஸ்ரீதரும் ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்க வந்தார்கள். ஸ்ரீதரின் பையிலிருந்து செங்கல் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு சாதனம் வெளியே வந்தது. கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம். உள்ளே ஒரு கார் பந்தயம். மலைப்பாதை, ஐந்து வளைவு. வளைவு வரும்போது வேகத்தைக் குறைக்கக் கூடாது. பிரேக்கை ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு, திசைப் பொத்தானை எதிர்ப்பக்கம் அழுத்த வேண்டும். அப்போது காரின் பின்பக்கம் வெளியே வழுக்கி, "க்ரீச்" என்று சத்தம் போட்டுக்கொண்டே வண்டி வளையும். கார் என் சுண்டுவிரல் நகம் அளவுதான். மலை, மரம், வானம் எல்லாமே ஒரே பாசிப் பச்சை. திரைக்குள் விளக்கு கிடையாது என்பதால் ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் பாதையே தெரியும்.

நான் அதில் விழுந்துவிட்டேன். நிஜ வாழ்க்கையில் எனக்கு ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்ட வராது. ஆனால் நான்காம் நாள் சாமுண்டி மலைக்குப் பெரியம்மாவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனபோது, டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் தேவையில்லாமல் நிதானிப்பதாக எனக்குப் பட்டது. அதைப் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

ஸ்ரீதரின் சிறந்த நேரம் இரண்டு நிமிடம் பதினொரு செகண்ட். அதை எங்கள் வீட்டுக் காலண்டர் ஓரத்தில் பால் கணக்குக்குக் கீழே பேனாவால் எழுதி வைத்திருந்தான். என்னுடையது பதின்மூன்று. "சும்மா வாயால சொன்னா ஒத்துக்க மாட்டேன். திரையில காட்டணும்" என்று நிபந்தனை வேறு. அவர்கள் கிளம்பும் நாளும் அப்பாவின் பிரிவு உபசார விழாவும் ஒரே நாளில் வந்தன. மாலை ரயிலில் பெங்களூர், அங்கிருந்து விமானம். காலையில் பெரியம்மாவும் ஸ்ரீதரும் ஸ்ரீரங்கப்பட்டணம் கோவிலுக்குப் போனபோது, "கடைசி சான்ஸ்டா, வச்சுக்கோ" என்று அவன் அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

அம்மாவால் விழாவுக்கு வர முடியவில்லை. மூன்று வாரம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது காலில் தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. மாடிப்படி இறங்கவே வழியில்லை. கீதா அவளுக்குத் துணையாக இருந்தாள். பாட்டு கிளாஸுக்காகக் கீதா வைத்திருந்த சின்ன டேப் ரெக்கார்டரை அம்மா வாங்கி, புதுசாக வாங்கிவரச் சொன்ன இரண்டு பென்சில் செல்லைத் தன் கையாலேயே போட்டாள். சிவப்புப் பொத்தானை அழுத்தி, "ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெக்கார்டு ஆகுதா? ஹௌதா?" என்று தமிழும் கன்னடமும் கலந்து பேசிப் பார்த்தாள். ஆகியிருந்தது.

"டேய், இங்க பாரு" என்றாள். "இருபத்தொன்பது வருஷமா இந்த மனுஷன் வீட்ல பேசி நான் கேட்டதில்லை. உப்பு வேணும்னாக்கூட கை காட்டுவார். ஆபீஸ்லயாவது என்ன பேசுறார்னு நான் கேட்கணும். அவர் எழுந்து நின்ன உடனே பொத்தானை அழுத்து. மறந்துராத."

"மறப்பேனா அம்மா?" என்றேன். மறக்கவில்லை. அதுதான் இந்தக் கதையில் என் தரப்பில் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே நல்ல விஷயம்.

ஹாலில் ஜன்னல் ஓரம், கடைசி வரிசையில் எனக்கு நல்ல வெளிச்சமான இடம் கிடைத்தது. மேடையில் அப்பாவுக்குச் சந்தன மாலை போட்டு, சால்வை போர்த்தி, தலையில் மைசூர் பேட்டா வைத்தார்கள். அந்தத் தலைப்பாகை இரண்டு சுற்று பெரிசு. புருவம்வரை இறங்கியது. அப்பா அதைத் தூக்கிவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் மூன்று பேர் பேச வேண்டும். நான் மடியில் சால்வை அட்டைப்பெட்டியை வைத்து, அதன் மறைவில், சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, மலையேறத் தொடங்கினேன்.

முதல் அதிகாரி பேசி முடிப்பதற்குள் பன்னிரண்டு செகண்டுக்கு வந்துவிட்டேன். இரண்டாமவர் பேசும்போது நான்காவது வளைவு அற்புதமாக வழுக்கியது, ஐந்தாவது வளைவையும் எட்டிவிட்டேன். அப்போது திரை வெளிறியது. பச்சை மலை மெல்ல மறைந்து, கார் மறைந்து, எல்லாமே போய்விட்டது. செல் தீர்ந்துவிட்டது.

அதில் நான்கு பென்சில் செல். என் பையில் இருந்த ரெக்கார்டரில் புத்தம் புதுசாக இரண்டு.

அந்த நிமிடம் நான் யோசித்த விதத்தை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அப்பா எவ்வளவு பேசிவிடப் போகிறார்? "நமஸ்காரம், நன்றி" என்று இரண்டு வார்த்தை. ஒரு நிமிடம். அதற்குப் பழைய செல் தாராளம். கார் ஓட்டத்தான் பலம் வேண்டும், பேச்சைப் பதிவு செய்ய என்ன பெரிய பலம்? (நான் வணிகவியல் படித்தவன் என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன்.) குனிந்து இரண்டு செல்லை மாற்றினேன். பழைய செல்லோடு ரெக்கார்டரை அழுத்திப் பார்த்தேன். சிவப்பு விளக்கு கொஞ்சம் சோர்வாக எரிந்தது. எரிந்ததே, போதும்.

அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் பொறுப்பான மகனாக முன்னால் போய், மைக்குக்குக் கீழே மேஜையில் ரெக்கார்டரை வைத்து, பொத்தானை அழுத்தினேன். அப்பா என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். அவர் கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. நான் திரும்பி வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன்.

"எல்லரிகூ நமஸ்கார" என்று அப்பா கன்னடத்தில் ஆரம்பித்தது கேட்டது. அதற்குப் பிறகு நான் மலையில் இருந்தேன்.

தூரத்தில் எங்கோ சிரிப்புச் சத்தம் வந்தது. இரண்டு தடவை. கைதட்டலும் வந்தது. பேச்சு முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன், ஆனால் குரல் தொடர்ந்தது. முதல் சுற்று பதின்மூன்று செகண்ட். அடுத்தது பன்னிரண்டு. இன்னொரு சுற்று போனேன், மூன்றாவது வளைவில் பாறையில் மோதினேன். இன்னொன்று. இந்தத் தடவை விரல்கள் தானாகவே வேலை செய்தன. நான்காவது வளைவு. ஐந்தாவது. தட்டு, எதிர்ப்பக்கம், வழுக்கல். கோட்டைத் தாண்டியபோது திரையில் இரண்டு நிமிடம் பத்து செகண்ட்.

"அடிச்சேன் பாரு!" என்று கத்திவிட்டேன்.

கையையும் மேலே தூக்கியிருந்தேன். அட்டைப்பெட்டி கீழே விழுந்தது. அப்போதுதான் ஹாலில் ஒரு சத்தமும் இல்லை என்பது எனக்கு உறைத்தது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்தார். மேடையில் அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு, வாய் பாதி திறந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. தாள் சட்டைப்பைக்குள் போயிருந்தது. அவர் அதைப் பார்த்துப் படிக்கவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பயத்தில் என் விரல் முதலில் செய்த காரியம் கேமை அணைத்தது. அந்தக் கேமில் நேரத்தைச் சேமிக்கும் வசதி கிடையாது. இரண்டு நிமிடம் பத்து செகண்ட் அத்தோடு போய்விட்டது. (ஸ்ரீதர் இன்றுவரை நம்பவில்லை.)

அப்பா பேட்டாவைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "நன்ன மக" என்றார், என்னைக் காட்டி. என் மகன். "நான் ரிடயர் ஆவதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் அவனுக்கும் இருக்கு" என்று கன்னடத்தில் சொல்லி, கைகூப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். பேச்சை முடித்துவிட்டுச் சொன்னார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு ஆட்டோவில் போனோம். அப்பாவின் நண்பர் நஞ்சுண்டய்யா, பரிசாகக் கிடைத்த சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு கூட வந்தார். அப்பா வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா கட்டிலில் தலையணையில் சாய்ந்து தயாராக இருந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள், மாவுக்கட்டுக்கு மேலேயே. கீதா ரேடியோவிலிருந்து நல்ல செல்லை எடுத்து ரெக்கார்டரில் போட்டு ஓடவிட்டாள்.

முதலில் அம்மாவின் குரல், தெளிவாக. "ஒண்ணு, ரெண்டு, மூணு." அடுத்தது ஒரு கிளி.

"எல்லரிகூ நமஸ்கார" என்றது கிளி, கீச்சுக்குரலில், மூச்சுவிடாமல். பலமில்லாத செல்லில் டேப் மெதுவாகச் சுற்றிப் பதிவாகியிருக்கிறது. நல்ல செல்லில் ஓடவிட்டதும் அப்பா பறந்தார். என் அப்பா, வாரத்துக்கு இருபது வார்த்தை பேசுகிறவர், எலி வேகத்தில் கன்னடம் பேசினார். கீதா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு கட்டிலில் மோதி மோதிச் சத்தம் போட்டது. நஞ்சுண்டய்யா கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்பாகூட, பேட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்று, மீசைக்குள் சிரித்தார். கிளி இன்னும் வேகமாகி, கொசுவாகி, "கீக்" என்று நின்றுவிட்டது.

"மிச்சம்?" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கீதா ரெக்கார்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"செல்லை எடுத்துட்டேன்மா" என்றேன்.

"எதுக்கு?"

"கேமுக்கு."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு கேட்டாள். "ஜெயிச்சியா?"

"ம்."

"எவ்வளவு?"

"ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட்."

"சரி" என்றாள். ரெக்கார்டரைக் கையில் வாங்கி, முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. காதோடு வைத்துக் கேட்டாள்.

அந்த நேரத்தில் நஞ்சுண்டய்யா என்மேல் இரக்கப்பட்டாரோ அம்மாமேல் இரக்கப்பட்டாரோ, தனக்கு நினைவிருந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். அப்பா வேலையில் சேர்ந்த முதல் நாள், மாற்றி அனுப்பிய கோப்பு, சிரிப்பு வந்த இடங்கள். "கடைசியில உங்களைப் பத்தித்தான் பேசினார் அம்மா. 'என் மனைவி இன்னைக்கு வர முடியல. இத்தனை வருஷத்துல அவளு ஒந்து சலானூ…' அப்படின்னார். அதோட தொண்டை அடைச்சுருச்சு. நாங்க எல்லாம் காத்துட்டிருந்தோம்." (ஒந்து சலானூ என்றால் ஒரு தடவைகூட.)

"அப்புறம்?" என்றாள் அம்மா.

நஞ்சுண்டய்யா என்னைப் பார்த்தார். "அப்புறம் தம்பி கத்தினான்."

நான் கெடுத்தது ஒரு டேப்பை மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வாக்கியமே பாதியில் நின்றிருந்தது.

அம்மா வாசல்படியைப் பார்த்தாள். "என்னங்க, ஒந்து சலானூ என்ன?"

அப்பா பேட்டாவை ஆணியில் மாட்டினார். "மறந்துபோச்சு" என்றார்.

அன்று மாலை ஸ்ரீதரிடம் கேமைத் திருப்பிக் கொடுத்தேன். காலண்டரில் பதினொன்று அப்படியே இருந்தது. ரயில்வே ஸ்டேஷனுக்கு வழியனுப்ப நான் போகவில்லை.

மாவுக்கட்டு பிரித்த வாரமே கேலி ஆரம்பித்துவிட்டது. ஆரம்பித்தவள் அம்மாதான். அப்பா காப்பி சூடு இல்லை என்று டம்ளரைத் தள்ளிவைத்தால், "ஒந்து சலானூ சூடா கொடுத்ததில்லை, அதானே சொல்ல வந்தீங்க?" என்பாள். கீதா சேர்ந்துகொண்டாள். ஒந்து சலானூ என் சட்டைக்குப் பொத்தான் தைத்ததில்லை. ஒந்து சலானூ தங்கச்சி வீட்டுக்கு என்னைத் தனியா அனுப்பினதில்லை. அப்பா எதற்கும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னதில்லை. மீசைக்குள் சிரிப்பார், அவ்வளவுதான்.

அவர் காலமாவதற்கு முந்தைய குளிர்காலத்தில் நான் தைரியம் வந்து கேட்டேன். சமையலறையில் இருவரும் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தோம். அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள்.

"அப்பா, அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க? நெஜமாவே மறந்துபோச்சா?"

அவர் இன்னும் நான்கைந்து கொட்டை பிதுக்கினார்.

"அன்னிக்கு வாய்ல சரியா வந்துச்சுப்பா" என்றார். "அப்புறம் நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், மனசுக்குள்ள. வேற மாதிரிதான் வருது. அதை அவகிட்ட சொல்ல வேண்டாம்னு விட்டுட்டேன்."

கோபம் துளியும் இல்லை. கொட்டையைப் பாத்திரத்தில் போட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "தோலெல்லாம் இந்தப் பக்கம் போடு" என்றார்.

அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. கேலி மட்டும் நிற்கவில்லை. இப்போது அது எங்கள் வீட்டில் ஒரு பரீட்சையாகவே ஆகிவிட்டது. புதிதாகக் குடும்பத்துக்குள் வருகிறவர்கள் அம்மா முன்னால் அந்த வாக்கியத்தை முடித்துக் காட்ட வேண்டும். போன பொங்கலுக்குக் கீதாவின் மகள், தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பையனை அழைத்து வந்தாள். ஹாசன் பக்கத்துப் பையன், தமிழ் வராது. வியர்த்துக்கொண்டே கன்னடத்தில் முடித்தான். "ஒந்து சலானூ, வீட்டுக்கு வந்தவங்களைச் சாப்பிடாம அனுப்பினதில்லை."

அம்மா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவளுக்கு இப்போது எண்பது வயது நெருங்குகிறது.

"பரவாயில்லை. பத்துக்கு ஆறு" என்றாள். "ஆனா அவர் சொல்ல வந்தது இது இல்லை."

எல்லோருக்கும் இதையேதான் சொல்கிறாள். ஒன்பது மார்க் வாங்கிய என் மனைவிக்கும் இதையேதான் சொன்னாள். எனக்கு மட்டும் இந்தப் பரீட்சை எழுத அனுமதி கிடையாது. வருஷா வருஷம் நானும் கேட்டுப் பார்க்கிறேன். அம்மா ஒந்து சலானூ விட்டதில்லை.