அப்பிடியே அண்ணை படம்பிடித்த பந்து

கனடாவில், ஸ்காபரோவில் கல்யாணம் செய்த தமிழர்களில் பாதிப் பேர் தாலியை இரண்டு தடவை கட்டியவர்கள். மறுமணம் அல்ல. முதல் தடவை ஐயர் சொன்ன நேரத்துக்கு. இரண்டாவது தடவை அப்பிடியே அண்ணை சொன்ன நேரத்துக்கு.

அவருடைய இயற்பெயரை ஒருமுறை கேட்டு வைத்திருந்தேன். பயன்படாததால் மறந்துபோனது. "அப்பிடியே நில்லுங்கோ!" என்று அவர் கமராவைத் தூக்கினால் மண்டபமே உறைந்துவிடும். மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நிற்கும். கேக்குக்குள் இறங்கிய கத்தி அங்கேயே தங்கும். கெட்டிமேளத்துக்கு நாதஸ்வரம் ஊதுகிறவருக்கு மூச்சு முட்டும். ஒரு செத்தவீட்டில், குமுறிக்கொண்டிருந்த பெண்களிடம், "கொஞ்சம் இஞ்சாலை பாத்து அழுங்கோ பிள்ளையள்" என்று கேட்டவர் அவர். அவர்களும் பார்த்து அழுதார்கள். படம் நன்றாகத்தான் வந்தது.

போன வசந்தத்தில் கஜனும் அவன் கட்டவிருந்த தர்ஷினியும் இவரிடம் போனார்கள். கஜனின் அம்மாவின் கட்டளை. கமராவோடு இளைஞர்கள் பெருகிவிட்ட ஊரில் அண்ணைக்கு அந்த வருடம் வேறு கல்யாணமே வரவில்லை. தர்ஷினி அவருடைய பழைய ஆல்பத்தைப் புரட்டினாள்.

"அங்கிள், டோன்ட் மைண்ட். எல்லாரும் ஸ்டாச்சு மாதிரி நிக்கினம். எங்களுக்கு அந்த மொமெண்ட் வேணும். ஒருத்தரையும் நிப்பாட்டாம எடுக்கோணும்."

"உது பெரிய வேலையோ?" என்றார் அண்ணை.

கஜன் ஞாயிற்றுக்கிழமைகளில் வோபர்ன் பூங்காவில் எங்கள் பேஸ்போல் அணிக்கு ஆடுபவன். குறும்பன். "அப்ப, பந்து மட்டையில படுற அந்தச் செக்கனை எடுத்துக் காட்டுங்கோ. சீசன் முடியிறதுக்குள்ள காட்டினா வெடிங் உங்களுக்கு."

நகரசபையில் பூங்கா அனுமதிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் அணிக்கு மைதானம் பதிவதும் நானே, போட்டி விதிகளை எழுதியதும் நானே. ஆகவே அண்ணை முறைப்படி என்னிடம் வந்தார். வயது ஒத்தவர்களையெல்லாம் அவர் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார்.

"ஐசே, எங்கை நிண்டு எடுக்கலாம்?"

"வேலிக்கு வெளியிலை. முக்காலியை நடைபாதையிலை வைக்கப்படாது. ஆடுற பொடியளோடை கதைக்கப்படாது."

மூன்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். முதல் ஆட்டத்திலேயே மூன்றாவதை மீறினார்.

எங்கள் ரமணன் மட்டையை ஓங்கினான். பந்து புறப்பட்டது. "அப்பிடியே நில்லுங்கோ!" என்று வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். ரமணன் அப்படியே நின்றான். பந்து நிற்கவில்லை. அது அவன் தவறவிட்ட மூன்றாவது பந்து, நடுவர் அவனை வெளியே அனுப்பினார்.

"வட் த ஹெல், அங்கிள்!"

"நான் சொன்னா நீ ஏன் தம்பி நிண்டனீ?"

"என்ர வெடிங்கும் நீங்கள்தானே எடுத்தது! உங்கட வொய்ஸ் கேட்டா கை தானா நிக்குது!"

அடுத்த ஞாயிறு அண்ணை வாய்க்குள் பெரிய ரொபி மிட்டாய் ஒன்றை அடக்கிக்கொண்டு வந்தார். குரல் அடங்கியது, படம் வரவில்லை. பந்து வருமுன் மட்டை. பந்து போனபின் மட்டை. நடுவரின் பின்புறம். ஒரு வாத்து மட்டும் படத்தில் மிகத் துல்லியமாக விழுந்திருந்தது. அது அசையாமல் நின்றிருந்தது.

"அண்ணை, பட்டனை அமத்திப் பிடிச்சா ஒரு செக்கனுக்கு இருபது படம் விழும். ஒண்டிலையாவது பந்து இருக்கும்" என்றேன். நான் எந்தக் கருவியின் கைநூலையும் வாசிக்காமல் விட்டதில்லை.

ரொபியைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். "அது கமரா எடுக்கிற படம் ஐசே. தர்ஷினி கேட்டது என்னையெல்லே."

ஆடி மாதத்தில் அவருடைய மனைவி எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இந்த மனுசனுக்கு என்ன நடந்தது? அடுப்பிலை தாச்சியை வைச்சுப்போட்டு கமராவோடை நிக்கிறார். கடுகு வெடிக்கிறதைப் படம் எடுக்கிறாராம். எங்கட வீட்டுக் கறியெல்லாம் இப்ப கடுகுதான்!"

அண்ணையை நேரில் விசாரித்தேன். "வெடிச்சதைக் கண்டு அமத்தினாப் பிந்திப்போச்சு. வெடிக்கப்போகுது எண்டேக்கையே அமத்தோணும்" என்றார். எல்லாப் பத்திரமும் வந்து சேர்ந்தபிறகே முத்திரை குத்திப் பழகிய எனக்கு இது ஒழுங்கீனமாகப் பட்டது.

பருவத்தின் கடைசி ஆட்டம். அண்ணையிடம் இன்னும் படம் இல்லை. எங்களிடம் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். ஒன்பது பேர் இல்லாவிட்டால் தோல்வி என்பது விதி. அவசரத்துக்கு நிர்வாகியே ஆடலாம் என்பது உபவிதி. இரண்டையும் எழுதிய மேதை நான். கஜன் தலைக்கவசத்தை என்னிடம் நீட்டியபோது தப்பிக்க மூன்றாவது விதி ஒன்றை எழுதாமல் விட்டது உறைத்தது.

"அங்கிள், சும்மா நிண்டாக் காணும்."

போய் நின்றேன். வேலிக்கு அப்பால் அண்ணையின் கன்னம் புடைத்திருந்தது. பந்து வந்தது. வந்ததாக ஊகிக்கிறேன், என் கண்கள் மூடியிருந்தன. மட்டையைச் சுழற்றினேன். டங்! பந்து பின்பக்கமாகப் பறந்து கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. விதிப்படி அது ஃபவுல், ஓட்டம் கிடையாது. அடுத்து வந்த பந்துகள் என்னைத் தொந்தரவு செய்யாமல் கடந்தன. தோற்றோம்.

அண்ணை கமராவோடு ஓடிவந்தார். சின்னத் திரையில், பந்து மட்டையில் ஒட்டிக்கொண்டு சற்றே சப்பளிந்திருந்தது. அதன் பக்கத்தில் நான், நாக்கு வெளியே, கண்கள் இறுக்க மூடி.

"அங்கிள், யூ கொட் இட்!" என்று கஜன் துள்ளினான். "வெடிங் உங்களுக்குத்தான்!"

அண்ணை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஆழ்ந்த துயரம். "கண்ணை மூடிப்போட்டீர் ஐசே. இன்னொருக்கா அடியுமன்."

கல்யாணம் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கெட்டிமேளம் முழங்கியதும் சபை முழுவதும் பழக்கதோஷத்தில் அண்ணையைத் திரும்பிப் பார்த்தது. கஜனின் கைகூட ஒரு கணம் தயங்கியது. அண்ணையின் வாயில் ரொபி. ஒரே ஒரு கிளிக். தாலி ஒரே தடவையில் ஏறியது. நாதஸ்வரக்காரர் மூச்சு மிச்சமிருக்கவே முடித்துவிட்டு நம்பமுடியாமல் விழித்தார்.

சாப்பாடு முடிந்ததும் அண்ணை என்னைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டுபோனார். ரொபியைத் துப்பினார்.

"ஐசே, இப்ப கண்ணைத் திறந்துகொண்டு அப்பிடியே நில்லும்."

நின்றேன். வெகுநேரம் எடுத்தார். நான் அவசரப்படுத்தவில்லை.