முதல் ஷிப்டின் மூக்கு

இது கொரோனாவின் முதல் அலை ஓய்ந்த பிறகு நடந்ததா, இரண்டாவது அலை தொடங்கிய பிறகா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தக் காலம் முழுவதும் ஒரே நீளமான பிற்பகலைப் போல மனதில் கலங்கிக் கிடக்கிறது. அன்புராஜ் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். அவனோ, "அதுல பாதி நான் கனவுல பாத்ததாக்கூட இருக்கும்பா" என்கிறான். ஆனால் அந்த ஊறுகாய் பாட்டில் நிஜம். அதில் இருவருக்கும் சந்தேகமில்லை.

பாட்டிலைச் சுற்றிக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. வாயில் மெல்லிய துணி கட்டியிருந்தது. செக்யூரிட்டி சடையப்பன் அதை இரண்டு கைகளாலும் ஏந்தி, அன்புராஜின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"மாஸ்க்க எறக்கு. நல்லா மோந்து பாரு. இன்னா வாசன, சொல்லு."

அன்புராஜ் முகர்ந்தான். ஆளில்லாத வீட்டுக்குள் தலையை நீட்டிக் குரல் கொடுத்தது போலிருந்தது. உள்ளிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

தேர்வாய் கண்டிகையில், கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவன் பயிற்சித் தொழிலாளி. சில வாரங்களுக்கு முன்பு காய்ச்சல் வந்து, மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, எளாவூரில் வீட்டுப் பின்கட்டில் தனியாகக் கிடந்து, எழுந்துவிட்டான். மறுபடி குச்சி விட்டபோது கிருமி இல்லை என்றார்கள். வாசனை மட்டும் போன இடத்திலிருந்து திரும்பவில்லை. வயலில் மழை பெய்தது, மண் மணக்கவில்லை. மனைவி ஜோதிலட்சுமி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்; புகைப்படம் ஒன்று வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் புதிதாக ஒரு வைத்தியம் சொல்லியிருந்தார். மருந்து கிடையாது. கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம் என்று நான்கையும் தினமும் காலையில் முகர்ந்து, அந்தந்த வாசனையை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். மூக்குக்கு மறுபடியும் அரிச்சுவடி. ஜோதிலட்சுமிதான் வாத்தியார்.

"கண்ண மூடிக்கோ. இது இன்னா?"

"எலுமிச்ச."

"கிராம்புய்யா. நேத்தும் எலுமிச்சன்னுதான் சொன்ன."

"என்னிக்காவது ஒருநாள் எலுமிச்ச வராமலா பூடும்?"

"பரீட்சைக்கு நீ எப்டி படிச்சிருப்பன்னு இப்பத்தான் தெரியுது."

வீட்டில் தோற்றால் பரவாயில்லை. கேட்டில் தோற்றால் வேலை போய்விடும். காய்ச்சலில் விழுந்ததற்கே அவனுடைய பயிற்சிக் காலத்தை முதலிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தார்கள். இன்னொரு முறை விட்டுப்போனால் நிரந்தர வேலை என்ற பேச்சே கிடையாது.

பாட்டில் சோதனையைக் கொண்டுவந்தவர் நிர்வாக அதிகாரி மிருதுளா. திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பம். கை கழுவுவதில் தொடங்கி எதிலும் சுத்தம் பார்ப்பவர். நெற்றியில் வைக்கும் வெப்பமானியில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. அந்த வெயிலில் வண்டி ஓட்டி வருகிறவர்கள் எல்லோருக்குமே அது காய்ச்சல் என்றது.

"வாசனை தெரியலேன்னா நோய். அவ்ளோதான்" என்று கேட்டில் நின்று விளக்கினார். "விடையை எழுதி வெச்சா எப்படியும் வெளியே வந்துடும். அதனால கேன்டீன் ஜானகியம்மா யார்கிட்டயும் சொல்லாம உள்ள ஏதாவது போட்டுக் கட்டித் தரட்டும். சடையப்பன், நீங்க முதல்ல மோந்து பாருங்க. உங்க மூக்குல இருக்கறதுதான் விடை. எனக்குக்கூடச் சொல்ல வேண்டாம்."

கேட் அறைக்குள் ஒவ்வொருவராகப் போக வேண்டும். சரியாகச் சொன்னால் வேலைக்கு, தப்பாகச் சொன்னால் சைக்கிள் கொட்டகைக்கு. பிறகு வேனில் பரிசோதனைக்கு.

கம்பெனி பஸ் வருவதற்கு முன்பே பைக்கில் வந்துவிடுவதால் அன்புராஜ்தான் எப்போதும் முதல் ஆள்.

"இன்னாபா, தூங்கிட்டியா?" என்றார் சடையப்பன்.

காலையில் ஜோதிலட்சுமி திட்டியதுதான் வாய்க்கு வந்தது. "கிராம்பு."

சடையப்பன் பாட்டிலைத் தன் மூக்கருகே கொண்டுபோனார். கண்களை மூடி நெஞ்சு நிறைய இழுத்தார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"சரி, உள்ள போ."

தன் அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல் அன்புராஜ் உள்ளே போய் மிஷினைப் போட்டான். அடுப்பிலிருந்து ரப்பர் பட்டை கறுப்பு ஆறு போல நெளிந்து வந்துகொண்டிருந்தது. வேறு யாரும் வரவில்லை. அவ்வளவு பெரிய கூடத்தில் அவன் ஒருவன்தான். கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியே வெளிச்சம் கம்பி கம்பியாக இறங்கியது. எல்லோரும் எப்போதோ ஊரைக் காலி செய்துவிட்டுப் போய், தனக்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். சைக்கிள் கொட்டகையில், ஆளுக்கு ஆள் தள்ளித் தள்ளி, முதல் ஷிப்ட் முழுவதும் உட்கார்ந்திருந்தது.

"காபித்தூள்னு சொன்னேன்பா, காபித்தூளேதான்!" என்று ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். மற்றவர்களும் அதையே சொன்னார்களாம்.

மறுநாள் கேட்டில் பாட்டில் இல்லை, முடிவுதான் வந்தது. ஒருவருக்கும் கிருமி இல்லை. மிருதுளா அசரவில்லை.

"கிராம்பு அத்தனை பேருக்கும் காபித்தூளா மணக்கறதுன்னா இது ஏதோ புது வகை. குச்சிக்கே சிக்காத வகை. எல்லாரும் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார். பிறகு அன்புராஜைப் பார்த்து, "நீங்க ஒருத்தர்தான் சுத்தம்" என்றார்.

அவர்களுக்குப் பதிலாக மறுநாள் காலை இரண்டாவது ஷிப்ட் ஆட்கள் வருவதாக ஏற்பாடு. அதிர்ஷ்டம் தினமும் பஸ் பிடித்து வராது என்று அன்புராஜுக்குத் தெரியும். மதியம் கேன்டீனுக்குப் போய் ஜானகியம்மாளிடம் குழைந்தான்.

"யம்மா, நாளைக்கு பாட்டில்ல இன்னா போடப் போற?"

"மேடம் சத்தியம் வாங்கிக்கினாங்க. மூச்சு உட மாட்டேன்."

"உன் ரசத்த நான் என்னிக்காவது கொற சொல்லிக்கீறனா?"

ஜானகியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "அது நெசம். மத்ததுங்கள்லாம் மூஞ்ச சுளிக்கும். கொஞ்ச நாளா நீ ஒருத்தன்தான் எது போட்டாலும் கம்முனு துன்ற." சுற்றும் முற்றும் பார்த்தார். "சோம்பு. வெளிய சொன்ன, இதே கரண்டி."

மறுநாள் அன்புராஜ் சோம்பு என்றான். சடையப்பன் கண்களை மூடி, இழுத்து, தலையாட்டினார். அவனுக்குப் பின்னால் வந்த எல்லோரும் சோம்பு என்றார்கள். எல்லோரும் உள்ளே வந்தார்கள். கூடம் சத்தத்தால் நிறைந்தது. தான் ஏதோ கெட்ட கனவிலிருந்து எழுந்துவிட்டதாக அன்புராஜ் நினைத்தான்.

சற்று நேரத்தில் மிருதுளா கூப்பிட்டு அனுப்பினார்.

"கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கற கருவி பழுதாயிடுத்து. புதுசு ஊரடங்குல எங்கேயோ மாட்டிண்டிருக்கு. அதுவரைக்கும் நீங்க சிலிண்டர் கொட்டகைல உக்காருங்க. லேசா வாசனை வந்தாலும் மணி அடிக்கணும். மொத்தத் தொழிற்சாலையும் உங்க மூக்கை நம்பித்தான் இருக்கு."

"மேடம், நான் மிஷின்லயே…"

"உங்க நிரந்தர ஆர்டருக்கு எழுதிப் போட்டிருக்கேன். போங்கோ."

சிலிண்டர் கொட்டகை மதிலோரத்தில், எல்லாவற்றிலிருந்தும் தள்ளி இருந்தது. அங்கே காற்றுகூட நின்று யோசித்துவிட்டுத்தான் வீசும். மதிலுக்கு அப்பால் லாரிகள் தூரத்துக் கடல் மாதிரி இரைந்தன. சிலிண்டர்களுக்கு மேலே போன குழாயில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. அன்புராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கேஸ் கசிந்தால் அது பறந்துபோகும். பறந்தால் மணி அடித்துவிட வேண்டியது. அது தலையைச் சாய்த்தபோதெல்லாம் அவன் கை மணிக்கயிற்றுக்குப் போனது. பறந்துவிடுமோ என்ற பயத்தில் தன் சாப்பாட்டை அதற்கே வைத்தான். உண்டு முடித்ததும் காகம் தூங்கத் தொடங்கியது. இப்போது அது தூங்குகிறதா, மயங்கிவிட்டதா என்ற புதுக் கவலை வந்தது.

ரவுண்டு வந்த சடையப்பன் நின்று பார்த்தார். "இன்னா நைனா, காக்காவ வேலைக்கி சேத்துக்கினியா?"

"தொணைக்குண்ணே."

"சோறு நீ போடு. சம்பளத்த கம்பெனில கேளு."

அடுத்த நாளுக்கு ஜானகியம்மாள் பூண்டு என்றார். காலையில் அன்புராஜ் தைரியமாகப் பூண்டு என்றான். சடையப்பன் தலையாட்டினார். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், வருகிறவர்கள் எல்லோரும் சைக்கிள் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கேன்டீனுக்கு ஓடினான். "யம்மா, பூண்டுதான போட்ட?"

"சாம்பாருக்கே பத்தல. ஓமத்த போட்டுட்டேன். ஏன்?"

"அப்ப மொத நாளு? கிராம்புதான?"

"கிராம்பு விக்கிற வெலைக்கு? காபித்தூளுதான்."

"அப்பவே மேடம் கைல சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லக் கூடாதுன்னுதான சத்தியம்?"

அன்புராஜ் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்தான். பெரிய அண்டாவிலிருந்து மணமில்லாத ஆவி எழுந்து கூரைக்குப் போனது. அந்த ஆவியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. தன் மூக்கு செத்துப்போனது சடையப்பனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அவரும் எளாவூர்க்காரர்தான். இவன் உள்ளே போக வேண்டும் என்றால் இவன் சொன்னதை விடையாக்க வேண்டும். இவன் சொன்னதை விடையாக்கினால் மற்ற எல்லோரும் தப்பு. ஒரே ஒரு ஊர்க்காரனின் வேலைக்காக அந்த மனிதர் இரண்டு ஷிப்டுகளைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். கண்களை மூடிக்கொண்டு அவர் வெகுநேரம் நின்றது வாசனைக்காக அல்ல, மனசாட்சியோடு பேசத்தான்.

அவன் கண்கள் கலங்கின. இவ்வளவு பெரிய கடனைத் தாங்குகிற தெம்பு தனக்கு இல்லை என்று தோன்றியது. எழுந்து மிருதுளாவின் அறைக்குப் போனான்.

"வாங்கோ" என்றார் மிருதுளா. மேசையில் ஒரு உறை இருந்தது. "உங்க ஆர்டர் வந்துடுத்து."

அன்புராஜ் உறையைப் பார்த்தான். அதில் அவன் பெயர் அழகாக அச்சாகியிருந்தது. வேர்த்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"மேடம், காய்ச்சல் வந்ததுலேர்ந்து எனக்கு வாசனையே தெரியாது."

மின்விசிறி சுற்றியது. மிருதுளா அதையே பார்த்தார்.

"அப்போ கிராம்புன்னு எப்படிச் சொன்னேள்?"

"ஊட்ல ஒய்ஃப் டிரெயினிங் குடுக்குது மேடம். அதான் வாயில வந்துச்சி. உள்ள இருந்தது காபித்தூளுதான். இன்னிக்கி ஓமம். போனவங்கல்லாம் சரியாத்தான் சொன்னாங்க."

சடையப்பனின் பெயரை மட்டும் அவன் எடுக்கவில்லை. பாட்டில் மேல்தான் பழி போட்டான். துணி அழுக்கு, பழைய ஊறுகாய் வாசம், யாருக்கு வேண்டுமானாலும் குழம்பும் என்றான்.

மிருதுளாவுக்குத் திடீரென்று முகம் வெளுத்தது. "சிலிண்டர் கொட்டகைல உக்காந்துண்டு என்ன பண்ணிண்டிருந்தேள்?"

"காக்காவ பாத்துக்கினு இருந்தேன் மேடம்."

"பெருமாளே!"

அன்புராஜ் தன் செருப்பைப் பார்த்தான். இனி எளாவூரில் அப்பாவின் நெல் வயல்தான், அதுவும் மணக்காது.

"ஆர்டரைத் திருப்பி அனுப்பினா ஹெட் ஆபீஸ்ல காரணம் கேப்பா" என்று மிருதுளா மெல்லச் சொன்னார். "கேஸுக்குக் காக்காவைக் காவல் வெச்சிருந்தோம்னு எப்படி எழுதறது?" உறையை அவன் பக்கம் தள்ளினார். "எடுத்துண்டு போங்கோ. இங்கே நீங்க எதுவும் சொல்லலை, நான் எதுவும் கேக்கலை. அந்தப் பாட்டிலைக் கழுவி ஜானகியம்மாகிட்ட குடுத்துடுங்கோ."

எல்லோரும் என்ன ஆனார்கள் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு ஷிப்டுகளும் வேலைக்குத் திரும்பின. கருவி வந்து சேர்ந்தது. மிருதுளா வேறு கிளைக்கு மாற்றலாகிப் போனார். அங்கே பாட்டில் எதுவும் வைக்கவில்லை என்று கேள்வி. ஜானகியம்மாள் பாட்டிலில் மறுபடியும் ஊறுகாய் போட்டார். காகம் சிலநாள் கொட்டகையில் காத்திருந்துவிட்டுப் போய்விட்டது. அன்புராஜுக்கு ஒரு மழைநாளில் வாசனை திரும்பியது. முதலில் வந்தது கருகிய ரப்பர் நாற்றம். அதை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று அழுதான். அன்று வீட்டுக்குப் போனதும் ஜோதிலட்சுமி கிராம்பு டப்பாவை நீட்டினாள். அவன் அதைத் தள்ளி வைத்துவிட்டு அவள் தலைப் பூவில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அதற்கு முன்பே, கேன்டீனில் தடுப்பூசி முகாம் நடந்தது. ஊசி போட்டவர்கள் அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும் என்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அன்புராஜுக்குப் பக்கத்து நாற்காலி சடையப்பனுக்குக் கிடைத்தது. இருவரும் ஜன்னலுக்கு வெளியே வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அன்புராஜ்தான் வாயைத் திறந்தான்.

"அண்ணே, அன்னிக்கி என் ஒருத்தனுக்கோசரம் ரெண்டு ஷிப்டையே திருப்பி அனுப்பினீங்களே. சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

சடையப்பன் ஊசி போட்ட தோளைத் தடவிக்கொண்டே அவனை வெகுநேரம் பார்த்தார்.

"உனக்கோசரமா? உனக்கு முன்னாடியே காய்ச்சல்ல என் மூக்கு பூட்ச்சி நைனா. மொத ஆளா வந்து நீ இன்னா சொன்னியோ, அதத்தான் விடைன்னு வெச்சிக்கினேன்."