காற்று தின்ற பாட்டு

உலகத்தில் கிடார் வாசித்துப் பெயர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். வாசிக்காமல் நிறுத்திப் பெயர் வாங்கியவன், எனக்குத் தெரிந்து, எங்கள் குழாய் ஒருத்தன்தான்.

எங்கள் ராக் பேண்டுக்குப் பெயர் 'பம்புசெட்டு'. கோட்டுச்சேரி வயலோரம் ஒரு மோட்டார் கொட்டகையில் பயிற்சி எடுத்ததால் வந்த பெயர். பாடுவது ஸ்டெல்லா. சர்ச் கொயரில் வளர்ந்தவள். எவ்வளவு கோபமான வரியைக் கத்தினாலும் கடைசி எழுத்தைப் பூ மாதிரி இறக்கிவைப்பாள். டிரம்ஸ் செல்வம், கடலுக்குப் போகிற குடும்பம். யாரைக் கேட்டு இப்படி அடிக்கக் கற்றுக்கொண்டாய் என்றால், "எங்கப்பா போட் எஞ்சின்தான். அது ஸ்டார்ட் ஆகாத அன்னைக்குக் கேக்கணும் நீ" என்பான். பேஸ் கிடார் நான். எனக்கு குரு யூடியூப். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

குழாய் வந்து சேர்ந்த அன்றே எனக்கு வியப்பு. தகர டப்பாவுக்குள் தேனீக் கூட்டத்தை அடைத்தது போல ஒரு கிடார் சத்தம். சத்தத்தை இப்படி மாற்ற காலடியில் என்ன பெடல் வைத்திருக்கிறான் என்று குனிந்து தேடினேன். பெடலே இல்லை. கல்யாண வீட்டு மைக் செட்டும் ஒரு குழாய் ஸ்பீக்கரும் பைக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். பட்டப்பெயர் அந்த நிமிஷமே வைத்தாயிற்று.

பாட்டின் பாதியில் அவன் கிடார் சத்தம் நின்றது. பிறகு, பாட்டில் வேறெங்கோ போய் ஆரம்பித்தது.

"ஏன்டா நிப்பாட்டுன?" என்றான் செல்வம்.

"நிப்பாட்டலயே."

"சத்தம் வரலயேடா!"

"பாட்டு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. இங்க கேக்கல, அவ்ளோதான்."

ஸ்டெல்லா தலையில் கைவைத்துக்கொண்டாள். எனக்கோ விட்டுவிட மனசில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் பின்னாலேயே அவன் ஊரான சுரக்குடிக்குப் போனேன். வயலுக்கு நடுவே ஒற்றை வீடு. நாலு பக்கமும் காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை. தூரத்தில் ஏதோ கோயில் திருவிழா. குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. பல்லவி வந்தது. காற்று திரும்பியது. பாட்டு காணாமல் போனது. திரும்பி வரும்போது சரணம் பாதி தாண்டியிருந்தது.

"கேட்டியா?" என்றான் குழாய், ஏதோ சாதித்துவிட்டவன் போல. கோயில், கல்யாணம், மாதா கோயில் திருநாள் என்று அவன் சின்ன வயதில் கேட்ட பாட்டெல்லாம் இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. காற்று தின்றது போக மிச்சம்தான் அவனுக்குப் பாட்டு.

என் இயர்போனை மாட்டி அதே பாட்டை முழுசாகப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை மரியாதையாகக் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொம்பக் கிட்டக்க இருக்குடா."

வினை, காரைக்கால் கடற்கரையில் நடந்த போட்டியில் வந்தது. ஜெயித்தால் பாண்டிச்சேரியில் பெரிய மேடை. ஸ்டெல்லா அந்த மேடைக்குப் போட்டுக்கொள்ள ஜாக்கெட்கூடப் பார்த்து வைத்திருந்தாள். கறாராகச் சொல்லிவிட்டாள்: "இந்த மேடையில நீ பாட்டுக்கு நடுவுல ஓட்டை விட்டேன்னா, அடுத்த மேடையில உன் எடத்துல வேற ஆளு நிக்கும்."

"சரிங்க ஸ்டெல்லா" என்றான் குழாய். அதுவரை அவளை 'ஏய்' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டவன் இல்லை.

முதல் பாட்டை ஒரு இடம் விடாமல் வாசித்தான். ஒரு பிசகில்லை. சுதந்திர தினத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையில் நிற்கும் பையனைப் போல இருந்தது. கூட்டம் போனைப் பார்த்துக்கொண்டே சுண்டல் தின்றது.

இரண்டாவது பாட்டு. சரணத்துக்கு நடுவில் ஸ்டெல்லா திடீரென்று வாயை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். செல்வத்தின் குச்சி அந்தரத்தில் நின்றது. குழாய் மிரண்டுபோய் ரெண்டு சுரம் தனியாக வாசித்துவிட்டு, அப்புறம்தான் புரிந்து, கம்பியிலிருந்து விரலை எடுத்தான். கடல் கேட்டது. சுண்டல் தின்றவர்கள் நிமிர்ந்தார்கள். எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. குழாய் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அடித்தான் பாருங்கள், கூட்டம் ஓவென்று கத்தியது.

நடுவர் மைக்கைப் பிடித்தார். "தம்பி, நடுவுல கரண்ட் போச்சா?"

"இல்லங்க சார், காத்து" என்றான் குழாய், படு சீரியஸாக.

பரிசு வேறு பேண்டுக்குப் போனது.

"பாண்டிச்சேரி போச்சேடி, ஏன்டி நிப்பாட்டுன?" செல்வம் கேட்டான்.

"முழுசா வாசிச்சப்ப அவன் மூஞ்சியப் பாத்தியா நீ?" என்றவள் குழாயிடம் திரும்பினாள். "ஏய் எரும, அடுத்த வாட்டி ஓட்டைய கொஞ்சம் சின்னதா விடு."

"சரி ஏய்" என்றான் அவன்.

இப்போதெல்லாம் அவன் நிறுத்தினால் நாங்களும் நிறுத்திவிடுகிறோம். அந்த நேரத்தில் அவன் எதைக் கேட்கிறான் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, பாட்டு இன்னும் கொஞ்சம் தாமதமாகவே வரட்டும் என்று இருக்கிறது.