டிக்கெட் இல்லாத தீவுக்காரன்

வேட்டிக்குப் பாக்கெட் கிடையாது. வேட்டி கட்டுகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் மட்டும், அதுவும் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி கட்டுகிற என்னைப் போன்ற ஆட்களுக்குத்தான் சமயத்தில் மறந்துபோகும். அப்படி மறந்துபோன ஒரு சனிக்கிழமை மதியம், நான் சொந்த ஊருக்குள் நுழைய முடியாமல் கேட்டுக்கு வெளியே நின்றேன்.

சொந்த ஊர் பினாங்குத் தீவு. ஜார்ஜ் டவுனில் டத்தோ கிராமாட் பக்கம் எங்கள் வீடு. பெர்ரி ஏறினால் ஒரு டீ ஆறுவதற்குள் வந்துவிடும் எதிர்க்கரை, பட்டர்வொர்த். பழக்கத்தில் அதைப் பாகான் என்போம். நடுவில் இருப்பது கொஞ்சம் கடல்தான். ஆனால் எங்கள் பேச்சைக் கேட்டால் இரண்டு தனித்தனி தேசங்கள் என்று நினைப்பீர்கள். அவர்கள் ஊர்ச் சாப்பாட்டில் உப்பில்லை என்போம் நாங்கள். எங்கள் ஊரில் காடி நிறுத்த இடமில்லை என்பார்கள் அவர்கள். (இரண்டும் உண்மை என்பது வேறு விஷயம்.)

இந்தச் சண்டைக்கு ஒரு கோப்பையும் உண்டு. எங்கள் தெருப் பையன்களும் எதிர்க்கரையில் பாகான் டாலாம் பகுதிப் பையன்களும் வருடா வருடம் பூப்பந்து ஆடுவோம். முதல் வருடம் கோப்பை வாங்கக் கையில் காசில்லாததால், யாரோ வீட்டிலிருந்து ஒரு பித்தளைக் கூஜாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். பிறகு எத்தனை வசதி வந்தும் கூஜாவை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. ஜெயித்தவர்கள் ஒரு வருடம் வைத்திருந்து, புளி போட்டுத் தேய்த்து, அடுத்த போட்டிக்குக் கொண்டுவர வேண்டும். முதல் பந்து அடிக்கும்போது அவர்கள் கூஜாவைத் தங்கள் மேசையில் வைத்திருக்காவிட்டால் கோப்பை எதிரணிக்கு. இந்தக் கடைசி விதியைக் கூட்டத்தில் எழுந்து நின்று முன்மொழிந்த மேதை நான்தான். பாகான்காரர்கள் ஒருமுறை கூஜாவை மறந்துவிட்டு வந்து இளித்ததைப் பார்த்த கோபத்தில் சொன்னது. பலத்த கைதட்டல் கிடைத்தது.

அந்த வருடம் கூஜா எங்களிடம் இருந்தது. ஆட்டம் பாகான் டாலாம் மண்டபத்தில், நான்கு மணிக்கு. என் ஆட்டத்தின் லட்சணம் தெரிந்து எங்கள் கேப்டன் பாலா அண்ணன் என்னை எப்போதும் ஓரத்தில்தான் உட்காரவைப்பார். அன்று கூஜா கொண்டுவரும் பொறுப்பை மட்டும் கொடுத்தார். அம்மா புளி போட்டுத் தேய்த்து முடிப்பதற்குள் அணியின் வேன் பாலம் வழியாகக் கிளம்பிவிட்டது. நான் பின்னால் பெர்ரியில் வருவதாக ஏற்பாடு.

எனக்கு அன்று கோப்பையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பாகான் டாலாமைச் சேர்ந்த கஸ்தூரி என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தாள். நாங்கள் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்திருந்தோம். அவள் வீட்டுக்கு மட்டும் அது தெரியாது. அவள் அப்பா முனியாண்டி அங்கிள்தான் பாகான் அணியின் தலைவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தீவுக்காரன் எல்லாருக்கும் தலைக்கனம், பெண் கொடுத்தால் தலையில் ஏறி உட்காருவான் என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை.

"அப்பாவுக்கு வேட்டி கட்டுற பையனுங்கனா ரொம்பப் பிடிக்கும். நல்லா டீசண்டா வாங்க, வாயை மட்டும் தொறக்காதீங்க. அவருக்குப் பிடிச்சுச்சுனா நைட்டே வீட்ல சொல்லிடுறேன்" என்றாள் கஸ்தூரி.

பட்டுச் சட்டை, ஒட்டிக்கோ வேட்டி. வேன் புறப்படும் முன் பாலா அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டேய் சுகு, நம்ம பூப்பந்து ஆடப் போறோமா, பொண்ணு பாக்கப் போறோமா?"

பட்டுச் சட்டையில் ஒரு மேல்பை இருக்கத்தான் செய்தது. அதில் கைப்பேசியை வைத்தால் சட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பக்கவாதம் வந்தவன் மாதிரி கண்ணாடியில் தெரிந்தேன். வருங்கால மாமனார் முன் அப்படிப் போய் நிற்பதா? கைப்பேசி, பணப்பை, பயணக் கார்டு எல்லாவற்றையும் கூஜாவுக்குள் போட்டு மூடியைத் திருகினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பெர்ரியில் கூஜாவை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் பாசாரில் வாங்கிய காய்கறிப் பையோடு ஒரு மீசைக்கார அங்கிள். "எங்க தம்பி, கல்யாணமா?" என்றார். "இல்ல அங்கிள், பூப்பந்து" என்றேன். என் வேட்டியை இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

பிறகு எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் பாகான். அவ்வளவுதான், கஸ்தூரி சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று.

"தைப்பூசத்துக்கு எங்க வரீங்க? எங்க தீவுக்குத்தானே?" என்றேன்.

"ரயில் ஏறணும்னா நீங்க எங்க வரீங்க? எங்க பாகானுக்குத்தானே?"

"சாப்பாடு, அங்கிள்? வெளிநாட்டுக்காரனெல்லாம் வந்து எங்க கடையில க்யூவுல நிக்கிறான் லா."

"சாப்பிட்டுட்டுத் தூங்க வீடு? பத்து காவான்ல வந்துதானே வாங்குறீங்க! ஸ்டேடியம்கூட எங்க பக்கம்தான்."

பத்து காவானும் பெருநிலத்தில், அதாவது அவர்கள் கரையில்தான் இருக்கிறது. பெர்ரி கரையை நெருங்கியது. தோற்கப்போகிற நேரத்தில் எனக்கு அந்த மகத்தான வாதம் தோன்றியது. பெர்ரியில் தீவிலிருந்து போகிறவருக்குக் கட்டணம் கிடையாது. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வருகிறவர்தான் கட்ட வேண்டும். பாலத்தில் காடி டோலும் அப்படித்தான்.

எழுந்து நின்றேன். "கடைசியா ஒண்ணு சொல்றேன் அங்கிள். உங்க ஊருக்கு யார் வேணாலும் சும்மா வரலாம். எங்க ஊருக்குள்ள வரணும்னா டிக்கெட் வேணும்!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அங்கிள் வாயைத் திறப்பதற்குள், அரசியல் கூட்டத்தை முடித்த தலைவர்போல் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நீண்ட நடைபாதையைக் கடந்து, வாசல்வரை வெற்றி நடை போட்டேன். அங்கே வந்துதான் கை லேசாக இருப்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். பெர்ரி எங்கள் கோப்பையோடு தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த பெர்ரிக்கு ஓடினேன். தட்டினால்தான் கதவு திறக்கும் கார்டு கூஜாவில். கைப்பேசி கூஜாவில். காவலுக்கு நின்ற மலாய்ப் பெண்ணிடம் கெஞ்சினேன். "தா போலே, பாங்" என்றாள் பரிதாபமாக. முடியாது அண்ணே என்று அர்த்தம். பட்டுச் சட்டையும் வேட்டியுமாக ஒருவன், காசில்லை, உள்ளே விடு என்று கெஞ்சினால் அவள்தான் என்ன செய்வாள்?

"என்ன தம்பி, உங்க ஊருக்கு டிக்கெட் வேணுமா?"

மீசைக்கார அங்கிள். மகன் காடி கொண்டுவரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். என் குரல் அழுகிற நிலைக்கு வந்துவிட்டது.

"அப்பவே சொல்லியிருப்பேன், நீ எறங்கிட்ட" என்றார் நிதானமாக. "மிருகக்காட்சிசாலைக்குக்கூட உள்ள போகத்தான் டிக்கெட். வெளிய வர எவனும் காசு கேக்க மாட்டான்."

க்யூவில் நின்றவர்கள் இப்போது அவர் பக்கம் சிரித்தார்கள். அங்கிள் எழுந்து வந்து கார்டை எடுத்தார். கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் கையை நிறுத்தினார்.

"தட்டுறேன். ஆனா நீ ஒண்ணு சொல்லணும். 'பாகான்தான் ஊரு. பினாங்கு அதுக்கு எதிர்த்தாப்புல இருக்கிற தீவு.' சொல்லு."

நான் முணுமுணுத்தேன்.

"சத்தமா லா! பாகானுக்கே கேக்கணும்."

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. எங்கள் தெருவிடமும் முருகனிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கத்தினேன். கத்திய வேகத்தில் வேட்டியின் பட்டை சர்ரென்று விட்டுக்கொண்டது. ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடி இன்னொரு முறையும் கத்த வேண்டியதாயிற்று, முதல் முறை சரியாகப் பதிவாகவில்லை என்று யாரோ சொன்னதால். ஆமாம், க்யூவில் ஒரு புண்ணியவான் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தீவுக் கரையில் இறங்கி ஊழியர்களிடம் ஓடினேன். அவர்கள் உற்சாகமாகச் சொன்ன கதை இது. இருக்கைக்கு அடியில் ஒரு பித்தளைப் பானை திடீரென்று நாதஸ்வரம் வாசித்திருக்கிறது. பயணிகள் பாதிப் பேர் எழுந்து ஓட, தைரியமான ஒருவர் மூடியைத் திறந்து அழைப்பை எடுத்திருக்கிறார். ஒரு பெண் பேசியிருக்கிறாள். பானை அக்கரை மண்டபத்துக்குப் போக வேண்டியது, அனுப்பிவிடுங்கள், ஆள் வந்து வாங்கிக்கொள்வார் என்று அவள் சொல்ல, இவர்களும் உடனே அனுப்பிவிட்டார்கள். நான் வரும்போது நடுக்கடலில் எதிரே ஒரு பெர்ரி கடந்துபோனது, அதில்தான் கூஜா போயிருக்கிறது.

நல்ல வேளையாக, தீவைவிட்டு வெளியேறக் காசு கேட்க மாட்டார்கள்.

மறுபடி பாகானில் இறங்கி, வேட்டியைத் தொடைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபம்வரை ஓடினேன். நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் நான்கு தாண்டியிருந்தது, முதல் பந்தும் அடித்தாகிவிட்டது. கூஜா மேசைமேல் பளபளவென்று இருந்தது. எங்கள் மேசையில் அல்ல. பாகான் மேசையில், முனியாண்டி அங்கிளின் முழங்கைக்குப் பக்கத்தில். மண்டபமே என்னைப் பார்த்தது. அப்புறம் ஒரு மூலையிலிருந்து என் குரலே கேட்டது: "பாகான்தான் ஊரு!" இன்னொரு மூலையிலிருந்து மறுபடியும். வீடியோ எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. பாலா அண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முனியாண்டி அங்கிள் எழுந்தார். கையில் என் கைப்பேசி.

"மக சொன்னா, கோப்பை தனியா பெர்ரியில வருதுன்னு. நான்தான் போய் வாங்குனேன். கையில வாங்குனதும் நாதஸ்வரம். தொறந்து பாத்தா என் மக போட்டோ. கீழ பேரு, 'பாகான் ராணி'." கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இத்தனை வருஷமா எங்க வீட்ல இருக்கிறவ ராணின்னு எங்களுக்கே தெரியாமப் போச்சே, தம்பி."

கஸ்தூரி பெண்கள் வரிசையில் முகத்தை மூடிக்கொண்டாள். கோப்பை போய்விட்டது. இவளும் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றார். "எங்க ஊரைப் பத்திச் சொன்னியே, மனசாரச் சொன்னியா, டிக்கெட்டுக்காகச் சொன்னியா?"

மனசார என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஓடிவந்த களைப்பில் பொய் வரவில்லை.

"டிக்கெட்டுக்காகத்தான் அங்கிள். ராணின்னு போட்டது மனசார."

முதலில் சிரித்தது பாலா அண்ணன்தான். பிறகு இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது. முனியாண்டி அங்கிள் மட்டும் சிரிக்காமல் என் தோளில் கைவைத்து, "மொதல்ல வேட்டியை ஒழுங்கா கட்டு. அடுத்த வாரம் அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (வியர்வை என்று இன்றுவரை சாதிக்கிறேன்.)

அன்று எங்கள் அணி எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தது. என் பொன்னான விதியின்படி கோப்பை பாகானுக்குப் போனது. பாலா அண்ணன் கல்யாணம்வரை என்னை "எதிர்த்தாப்புல" என்றுதான் கூப்பிட்டார்.

கல்யாணத்தன்று பெண் வீட்டுச் சீர்வரிசையில் முதல் தட்டில் பூச்சுற்றி அந்தக் கூஜா வந்தது. "கோப்பை தீவுக்கு வந்துருச்சு டோய்!" என்று பாலா அண்ணன் விசிலடித்தார். "கொடுத்தது நாங்க, அது எங்களுதுதான்" என்றது பாகான். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. கூஜா எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. திறந்து பார்த்தபோது உள்ளே, பெர்ரிக்கும் டோலுக்கும் தட்டுகிற, காசு நிரப்பிய கார்டு ஒன்று இருந்தது. "மாப்ள, இனிமே ஊருக்குத் திரும்ப யார்கிட்டயும் கெஞ்ச வேணாம்" என்றார் மாமனார்.

அவர் நினைத்தது அது. நடப்பது வேறு. அந்தக் கார்டு இப்போது கஸ்தூரியின் கைப்பையில் இருக்கிறது. மாமனார் வீட்டுக்குப் போய்விட்டுப் பாலம் வழியாகத் திரும்பும்போது, டோல் சாவடியில் காடியை நிறுத்திக் கையை நீட்டுவேன். அவள் கார்டை எடுப்பாள், கொடுக்க மாட்டாள்.

"சொல்லுங்க."

பின்னால் ஹாரன் அடிப்பார்கள்.

"அப்பா, சத்தமா! தாத்தாவுக்குக் கேக்கணும்" என்பாள் பின்சீட்டிலிருந்து என் மகள். பிறந்தது தீவில், பேசுவதெல்லாம் பாகான் கட்சி.

கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்துகிறேன். கார்டு கைக்கு வருகிறது, தடுப்புக் கட்டை மேலே போகிறது, நாங்கள் ஊருக்குள் போகிறோம்.