நூற்றியொரு தட்டும் இரண்டு சிஸ்டமும்

மனித குலம் இதுவரை எடுத்த முடிவுகளிலேயே மிக நிதானமான முடிவு போடி பஜாரில், ஞானசிகாமணியின் வீடியோ ஸ்டுடியோ மாடியில் எடுக்கப்பட்டது. அதற்கு எட்டு மாதம் ஆனது.

எடிட்டிங்குக்கு எந்த சிஸ்டம் வாங்குவது என்பதே கேள்வி. சென்னை ஏஜெண்டு ஒன்றைச் சொன்னார். கொச்சி ஏஜெண்டு வேறொன்றைச் சொன்னார். கிடைத்ததை வாங்கிப் போட்டு வேலையைத் தொடங்கிவிடும் அற்பர்களோடு ஞானசிகாமணி சேரவில்லை. தன்னைத் தலைவராகவும், எடிட்டர் லிங்கேஸ்வரனை ஏனைய உறுப்பினர்கள் அனைவருமாகவும் கொண்டு 'உயர்நிலைத் தேர்வுக் குழு' ஒன்றை அமைத்தார்.

குழு கூடும்போதெல்லாம் மொக்கம்மாள் படியேறி வந்து இடைஞ்சல் செய்தாள். அவள் மகள் காதுகுத்துக்கு அண்ணன் சுருளிராஜன் தாய்மாமன் சீராக நூற்றியொரு தட்டு கொண்டுவந்திருந்தார். நாத்தனார் உமாதேவியோ, நாற்பதுக்கு மேல் பார்த்ததாக ஞாபகமில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவந்தாள். அதற்கு ஒரே சாட்சியான வீடியோ, எடிட் ஆகாமல் ஸ்டுடியோவில் கிடந்தது.

"அண்ணே, எங்கண்ணன் சீரை எப்பண்ணே கண்ணுல காட்டுவீக? ஆவணியில புதுவீடு பால்காய்ச்சு. சொந்தபந்தம் பூராம் வருது. திரை கட்டிப் போட்டுக் காட்டணும்."

"பொறு ஆத்தா. ஒப்பீட்டு அறிக்கை தயாராகிக்கிட்டு இருக்கு."

"தட்டு தெரிஞ்சாப் போதும்ணே."

"தெரியிறதா முக்கியம்? நாலு 'கே'யில தெரியுதா, எட்டு 'கே'யில தெரியுதாங்கிறதுதேன் முக்கியம்."

அவளுடைய அறியாமையை எண்ணி ஞானசிகாமணிக்கு மனம் கனத்தது.

விஞ்ஞானபூர்வமாக முடிவுகாண லிங்கேஸ்வரன் குச்சனூர் போய், சனீஸ்வரர் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தான். கொச்சிக்கு என்று வைத்த வெள்ளைப் பூ வந்தது. ஞானசிகாமணி வீட்டில் ஜெபம் பண்ணிச் சீட்டுப் போட்டார். சென்னை வந்தது. மேலிடத்திலேயே ஒருமித்த கருத்து இல்லாத விஷயத்துக்கு எட்டு மாதம் குறைவு என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசியில் நேரடிப் போட்டி. மொக்கம்மாளின் ஐந்து மணி நேர வீடியோவை இரண்டு டெமோ மிஷினுக்கும் கொடுத்தார்கள். சென்னை நாலு மணி நேரம் திணறியது. செயற்கை நுண்ணறிவு கொண்ட கொச்சி, ஒன்பதே நிமிடத்தில் முடித்துவிட்டுச் சும்மா இருந்தது. லிங்கேஸ்வரன் கைதட்டினான். ஞானசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. வெற்றிலை பாக்கோடு பென் டிரைவைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

பால்காய்ச்சுக்கு முந்நூறு பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் உமாதேவி; பின்வரிசையில் தேர்வுக் குழு முழுவதும். திரையில் மேளம் முழங்கியது, வெடி வெடித்தது, சுருளிராஜன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். பின்னால் ஒரு பெண், ஏலக்காய் மாலை வைத்த ஒரு தட்டோடு வந்தாள். அடுத்த காட்சி பந்தி.

"நாப்பதுன்னு கூட்டிச் சொல்லிட்டேன் போலருக்கு, மன்னிச்சிருங்க மதினி" என்றாள் உமாதேவி.

சுருளிராஜன் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், சாப்பிடாமலே வெளியே போனார். மொக்கம்மாள் நேரே ஞானசிகாமணி முன்னால் வந்து நின்றாள்.

"மிச்சம் நூறு தட்டு எங்கண்ணே?"

"அங்கனதேன் அதோட அறிவே இருக்கு ஆத்தா! ஒரே மாதிரி வர்றதுல ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு, மிச்சத்தை அதுவா எடுத்துரும்."

"அது மிஷினு. தாய்மாமன் சீருன்னா என்னான்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க இந்த எட்டு மாசத்துல ஒருக்காவாச்சும் எங்க படத்தை ஒக்காந்து பாத்தீகளா?"

குழுத் தலைவர் ஏனைய உறுப்பினர்களைத் திரும்பிப் பார்த்தார். லிங்கேஸ்வரன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். ஞானசிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது எங்க ஆய்வு வரம்புக்குள்ள வரலையே ஆத்தா."