சேனாபதியின் உண்ணாவிரதம்

சேனாபதி மூன்றாவது முறையாகத் தீனியைத் துப்பினான்.

துப்பிய குருணை மெல்ல இறங்கி, கண்ணாடிச் சாடியின் அடியில் முந்தாநாள் குருணைகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது. சேனாபதி நீலச் செதிலும் சிவப்புத் துடுப்புமாக ஒரு திருப்பம் திரும்பி, பின்பக்கத்தைக் காட்டி நின்றான்.

"வாயில போட்டான், ராம்பை. போட்டு, மென்னு பாத்து, துப்பிட்டான்," என்றார் சவாட், சாடியில் மூக்கை ஒட்டியபடி. "சாப்பாட்டுக் கடையில சண்டை வளக்கிற ஆளு மாதிரி."

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க. நகருங்க, சோறு ஆறுது," என்றாள் அவர் மனைவி.

சவாட் தட்டைப் பார்த்தார். பொரித்த அயிலை மீன் இரண்டு கிடந்தன. சாடியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்; மீன் முன்னால் மீன் தின்பது மரியாதையில்லை என்பது அவர் கட்சி. பிறகு ஒரு வாய் வைத்தார், தட்டை நகர்த்திவிட்டார்.

"அவன் பட்டினி கிடக்கான். எனக்கு எப்படி இறங்கும்?"

ராம்பை தட்டை மறுபடி அவர் பக்கம் தள்ளினாள். முப்பத்தோரு வருஷம் மேக்லோங் ஆற்றில் படகு ஓட்டிய மனுஷர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இரண்டு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதைக் கேட்டாலும் 'ம்'. போன வாரம் நக்கோன் பத்தோமிலிருந்து வந்த பழைய சிநேகிதர் தவீ, செய்தித்தாள் சுற்றிய சாராய பாட்டிலில் ஒரு சண்டை மீனைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானச் சாப்பாட்டில் சவாட் பேசிய பேச்சு, அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்துப் பேசியதைவிட அதிகம். மீனுக்குப் பெயர் வைத்தார், சவரம் செய்துகொண்டார், பாட்டுக்கூடப் பாடினார். இப்போது மீன் வாயை மூடியதும் இவரும் மூட ஆரம்பித்திருந்தார். விட்டால் மறுபடி சுவர்தான்.

செய்யாத வைத்தியம் இல்லை. குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் வைத்துத் தெளியவிட்டு ஊற்றினார்கள். காய்ந்த வாதாம் இலையைப் போட்டார்கள்; தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்துக்கு வந்தது. மின்விசிறிக் காற்றுப் படாமல் சாடியை நகர்த்தினார்கள். ரோஷம் வந்தால் பசி வரும் என்று முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினார்கள். சேனாபதி கண்ணாடியோடு வீராவேசமாகச் சண்டை போட்டான், ஜெயித்தான், சாப்பிடவில்லை.

கடைசியில் சவாட் தவீயைத் தொலைபேசியில் பிடித்தார். "அப்படி என்னத்தப் போட்டுடா வளத்தே?"

"வேற என்னத்த, கொசுப்புழுதான்," என்றது தவீயின் குரல். "பொறந்ததுலேர்ந்து அதான். அஞ்சாறு நாளைக்குப் புழு குடு. அப்புறம் குருணையக் கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து குடு, பழகிக்குவான்."

சவாட் தொலைபேசியை வைத்தார். சாவுச் செய்தி சொல்ல வந்தவர் மாதிரி மனைவியைப் பார்த்தார்.

ஏனென்றால் ராம்பை அந்த ஏழாவது சந்தின் சுகாதாரத் தொண்டர்களுக்குத் தலைவி. பதினாறு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் கையில் டார்ச்சோடு வீடு வீடாக ஏறி இறங்குபவள். பூச்சாடி, தாமரைத் தொட்டி, எறும்புக்குப் பயந்து அலமாரிக் கால்களுக்கு அடியில் வைக்கும் தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும் குனிந்து பார்ப்பாள். ஒரு புழு நெளிந்தால் போதும். தொட்டி கவிழும், வீட்டுக்காரர் மானமும் சேர்ந்து கவிழும். ஆறு வருஷமாகப் புழு இல்லாத சந்து என்று மஞ்சள் கொடி வாங்கியாயிற்று. ஏழாவது கொடியும் கிடைத்தால் மாவட்டச் சுகாதார அலுவலகம் சந்து முழுவதையும் பஸ் வைத்து ஹுவா ஹின் கடற்கரைக்குக் கூட்டிப்போகும். சோதனைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"ஒரே ஒரு கரண்டி," என்றார் சவாட்.

"நான் உசிரோட இருக்கிற வீட்டுல புழுவா?"

சவாட் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்.

மறுநாள் காலையில் ராம்பை டீ வடிகட்டியைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் சந்தைக்குப் போனாள். சந்தையை ஒட்டிய கோவில் வாசல் மூலையில் ஒரு கிழவர் தட்டில் புழு அள்ளி விற்றுக்கொண்டிருப்பார். அந்த மூலைக்குப் போய் நின்ற பிறகுதான் நினைவு வந்தது: இரண்டு வருஷத்துக்கு முன் மனு எழுதி, மாவட்டச் சுகாதார அலுவலர் பிரயூனிடமே கையெழுத்து வாங்கி, அந்தக் கிழவரை விரட்டியதே அவள்தான். இப்போது அங்கே கைபேசி உறை விற்றார்கள்.

சரி, சந்திலேயே தேடுவோம் என்று பப்பாளி சாலட் விற்கும் சோம்ச்சித் வீட்டில் நுழைந்தாள். பதினாறு வருஷத்தில் மிக அதிகமாகக் கவிழ்க்கப்பட்டது சோம்ச்சித்தின் தாமரைத் தொட்டிதான்.

"என்னக்கா, இன்னிக்குச் செவ்வாய்க்கிழமையாச்சே?" என்றாள் சோம்ச்சித், உலக்கையைக் கீழே வைத்துவிட்டு.

"சும்மாத்தான் வந்தேன். தொட்டியில ஏதாவது... நெளியுதா?"

"சத்தியமா இல்லக்கா. நேத்துதான் தேய்ச்சேன்."

"இருந்தாலும் பரவாயில்ல சோம்ச்சித். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இருந்தா நல்லதுதான்."

சோம்ச்சித் ஒரு அடி பின்னால் போனாள். "போன வருஷமும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே வந்து கவுத்தீங்க."

"அய்யோ, எனக்கே வேணும்டீ. கொஞ்சம் குடேன்."

"எதுக்கு, படம் எடுத்து ஆபீஸ்ல காட்டவா? போங்கக்கா, ஹுவா ஹின்னுக்குத் தொப்பியே வாங்கிட்டேன். என் தலையில மண்ணப் போடாதீங்க."

ராம்பை அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் செய்தி முந்திக்கொண்டு போய்விட்டது: தலைவி மாறுவேஷத்தில் வருகிறாள், புழு வேண்டும் என்று நல்லவள் மாதிரி கேட்கிறாள், ஆமாம் என்றால் தொலைந்தோம். சாயங்காலத்துக்குள் ஏழாவது சந்தில் தேய்க்காத பாத்திரம் இல்லை. சிலர் நாய் தண்ணீர் குடிக்கும் கிண்ணத்தைக்கூடத் துடைத்துக் காயவைத்துவிட்டார்கள். நாய்கள் வாயைப் பிளந்துகொண்டு திரிந்தன.

வெறும் வடிகட்டியோடு வீட்டுக்கு வந்தவள், குளியலறைக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு வாளித் தண்ணீரை வைத்தாள். மூடி போடவில்லை. பதினாறு வருஷத்தில் மூடி போடாத முதல் வாளி. நாலு கொசு வந்து சுற்றியபோது, வாங்க, உட்காருங்க என்று சொல்லாத குறை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் எட்டிப் பார்த்தாள். தையல் நூல் மாதிரி, இல்லை, அதைவிட மெல்லியதாக, பொடிப்பொடியாக நெளிந்தன. இன்னும் ஒரு நாள் வளரட்டும் என்று விட்டாள்.

அன்று மத்தியானம் சவாட் குளித்துவிட்டு வந்தார். வாரத்திலேயே முதல்முறையாக முகத்தில் ஒரு திருப்தி.

"உனக்கு ஒரு உபகாரம் பண்ணியிருக்கேன்."

"என்ன?"

"பின்னாடி ஒரு வாளி தொறந்து கெடந்துச்சு. நீ மறந்துட்ட போல. பாத்தா ஒரே புழு. சோதனை வர்ற நேரத்துல மானம் போயிடுமேன்னு, நீ வச்சிருந்த புழு சாகற மருந்து மணலை ரெண்டு பொட்டலம் கொட்டிட்டேன்."

ராம்பை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அது யாருக்குன்னு நெனச்சீங்க?"

சவாட்டுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவரும் உட்கார்ந்தார். பதினாறு வருஷம் அவள் சொல்லிக் கொடுத்த பழக்கம். புழுவைப் பார்த்தால் கை தானாக மருந்தைத் தேடும்.

"நான்தான் அவன் சோத்துல மண்ணப் போட்டேனா," என்றார் மெதுவாக.

"விடுங்க. இன்னொரு வாளி வைப்போம்."

அந்த இன்னொரு வாளிக்கு இருவரும் சேர்ந்து காவல் இருந்தார்கள். அழுக்குத் துணிக் கூடையைக் கவிழ்த்து மூடி, கொசு போக ஒரு வழி விட்டு வைத்தார்கள். ராத்திரி இரண்டு பேரும் கொசுக்கடியில் சொறிந்துகொண்டார்கள், ஆனால் ஒருவரும் ஒரு கொசுவைக்கூட அடிக்கவில்லை.

"அது பிள்ளைத்தாச்சியா இருக்கும்," என்றார் சவாட். ராம்பை சிரித்துவிட்டாள்.

வாளியில் புழுக்கள் கொழுத்து நெளிந்த காலையில், முதல் கரண்டியை அள்ள அவள் வடிகட்டியைக் கையில் எடுத்தாள். அப்போது வாசலில் ஜீப் வந்து நின்றது.

மாவட்ட அலுவலர் பிரயூன் இறங்கினார். சோதனைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"திடீர்ச் சோதனை," என்றார். கண்ணுக்குக் கீழே கருவளையம், முகத்தில் சிரிப்பே இல்லை. தோளில் துணிப்பை, பைக்கு வெளியே ஒரு பாட்டில் எட்டிப் பார்த்தது, பாதி வரை தேநீர். ஓட்டுநர் தியென் ஜீப்பில் சாய்ந்துகொண்டு கொட்டாவி விட்டான்.

ராம்பை வடிகட்டியை இடுப்புத் துணிக்குள் செருகினாள். சவாட்டுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, அலுவலரை முதலில் மற்ற வீடுகளுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அப்படி ஒரு சோதனையை அவள் பார்த்ததில்லை. பிரயூன் தரையில் மண்டியிட்டு அலமாரிக் கால் கிண்ணங்களைப் பார்த்தார். நாற்காலி போட்டு ஏறிக் கூரைத் தகரத்தைத் தடவினார். சாமிக்கு வைத்த பூச்சாடியைக்கூட வெளிச்சம் அடித்துப் பார்த்தார். சோம்ச்சித்தின் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டார்.

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லீங்க ஐயா," என்றாள் சோம்ச்சித், தலையில் புதுத் தொப்பியோடு.

"நல்லாப் பாத்தீங்களா? ஓரத்துல?"

"கண்ணாடி மாதிரி தேய்ச்சிருக்கேன்."

அலுவலரின் முகம் வீட்டுக்கு வீடு தொங்கிக்கொண்டே போனது. குற்றம் கிடைக்காத அதிகாரியைப் போல ஆபத்தான ஆள் கிடையாது என்று ராம்பைக்குத் தோன்றியது. கடைசியாக அவள் வீட்டுக்கு வந்தார்கள். முன்னறை, அடுப்படி, குளியலறை எல்லாம் சுத்தம். பின்பக்கக் கதவை மறைத்துக்கொண்டு அவளே நின்றாள்.

பிரயூன் பெருமூச்சு விட்டார். தடித்த அட்டையில் இருந்த சான்றிதழை எடுத்து, பேனா மூடியைத் திறந்தார். சோம்ச்சித்தும் அக்கம்பக்கத்தாரும் வாசலில் மூச்சைப் பிடித்து நின்றார்கள்.

அப்போது பின்பக்கத்திலிருந்து சவாட்டின் குரல், ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும் அந்தப் பழைய படகுக் குரல், வந்தது.

"ராம்பை, தின்னுட்டான். அத்தனை புழுவையும் முழுங்கிட்டான். நம்ம வாளியில இன்னும் ஆயிரம் நெளியுது, வந்து பாரு."

பேனா நின்றது.

சோம்ச்சித் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினாள்.

"என்ன வாளி?" என்றார் பிரயூன்.

ராம்பை கதவை விட்டு விலகினாள். வேறு வழியில்லை. அங்கே ஒரு கையில் சாடியும் ஒரு கையில் கரண்டியுமாகச் சவாட் சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார். சாடிக்குள் சேனாபதி துடுப்பை விசிறி மாதிரி விரித்து, இன்னும் வேண்டும் என்று மேலே முட்டிக்கொண்டிருந்தான். அலுவலரைக் கண்டதும் சவாட்டின் சிரிப்பு மட்டும் அப்படியே உறைந்தது.

பிரயூன் வாளியின் முன்னால் மண்டியிட்டார். டார்ச்சை உள்ளே அடித்தார்.

"ஐயா, தப்பு என்னோடது," என்றாள் ராம்பை. "சந்து மேல ஒரு குத்தமும் இல்ல. கொடியை எடுத்துக்கங்க. பஸ்ஸை மட்டும் விட்டுடுங்க."

அவர் டார்ச்சை வாளிக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"சரி, பஸ்ஸையும் எடுத்துக்கங்க. மீனை மட்டும் விட்டுடுங்க. அவன் தின்னாத்தான் இவரு திம்பாரு."

"எத்தனை நாள் புழு?" என்றார் பிரயூன்.

"நாலு நாளுங்க."

"பரிசோதனைக்கு மாதிரி எடுக்கணும்."

"ரெண்டு எடுத்துக்கங்க ஐயா."

"ரெண்டு பத்தாது. ஒரு இருநூறு வேணும்." அவர் தோள்பையிலிருந்த பாட்டிலின் மூடியைத் திருகினார். "உங்ககிட்ட வடிகட்டி இருக்குமா?"

ராம்பை இடுப்பிலிருந்து வடிகட்டியை உருவிக் கொடுத்தாள். பாட்டிலுக்குள் தேநீர் நிறத் தண்ணீரில் ஒரு வாதாம் இலைத் துண்டு மிதந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓட்டுநர் தியென் கதவோரம் தலையை நீட்டினான்.

"கெடச்சிடுச்சா சார்? அப்பாடா, ஒம்பது சந்து அலைஞ்சிருக்கோம்மா, இனிமேலாவது எங்க சார் வீட்டு மீன் வாயைத் தொறக்கும்."