மாஸ்டர் காலை எடுத்த நாள்

பின் சீட்டு பெல்ட் இன்றைக்கும் மாட்டியிருந்தது. நேற்று தன் கையாலேயே அதைக் கழற்றிவிட்டு, கதவைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தவர் மாஸ்டர்.

"யாருடி பின்னாடி உக்காந்தது?"

"யாரும் உக்காரலப்பா," என்றாள் மகள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?"

இருந்தது. மாஸ்டர் மறுபடி பெல்ட்டைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். பயிற்சி வண்டியில் இரண்டு பிரேக். ஓட்டுபவர் காலுக்கு ஒன்று, பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலுக்கு ஒன்று. பழங்காலத்து வண்டி என்பதால் இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி. ஊரார் ஓட்டினால் ஆபத்து வரும்போது மிதிப்பார். சொந்த மகள் ஓட்டினால் ஆபத்து கிளம்பி வருவதற்கு முன்பே மிதித்துவிடுவார்.

மகளுக்கு, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போய் நின்றால்தான் அந்த வேலை. லைசென்ஸ் எப்போதோ வாங்கிவிட்டாள். ஆனால் அப்பாவின் கால் இல்லாமல் தெருமுனையைத் தாண்டியதில்லை.

"கடவுளே, எல்லாம் உன் பொறுப்பு. கூடவே வாப்பா," என்று மாஸ்டர் கண்மூடிக் கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்குவதற்குள் கால் பிரேக்கில் ஏறிவிட்டது.

கடைத்தெருவில் ஒரு பூனை, குறுக்கே வரலாமா என்று யோசித்தது. யோசனைக்கே மாஸ்டர் மிதித்தார். வண்டி குலுங்கி அணைந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"நான் மிதிக்கிறதுக்குள்ள ஏம்பா மிதிக்கிறீங்க?"

"நான் மிதிக்கலன்னா இந்நேரம் பூனை போய்ச் சேந்திருக்கும்!"

"எனக்குப் பிரேக்கு பிடிபடவே மாட்டேங்குதுப்பா. கால வச்சா தொளதொளன்னு போகுது."

"நான்தான் மொதல்லயே மிதிச்சிட்டேன்ல? அப்படித்தான் இருக்கும். ரோட்டைப் பாரு!"

அப்போது பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இருவரும் திரும்பினார்கள். காலையில் கழற்றிவிட்ட பெல்ட் மறுபடி மாட்டியிருந்தது. வெறும் சீட்டின் குறுக்கே விறைப்பாக, யாரையோ அணைத்துப் பிடித்தது போலக் கிடந்தது.

மகள் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாள். மாஸ்டர் வீடு வந்து சேரும்வரை பேசிக்கொண்டே இருந்தார். பயந்தால் அவருக்கு வாய் நிற்காது.

மறுநாள் அந்தப் பெல்ட்டைச் சுருட்டி, முடிச்சுப் போட்டு, சீட்டுக்கு அடியில் திணித்தார். சாயங்காலம் முடிச்சு அவிழ்ந்து பெல்ட் மாட்டியிருந்தது. 'உக்கார இடம் இருந்தாத்தானே உக்காருவே?' என்று பின் சீட்டு முழுக்கப் பழைய டயர்களை ஏற்றினார். விடிந்து பார்த்தால் டயர்கள் டிக்கியில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. பெல்ட் மாட்டியிருந்தது. சீட்டின் நடுவில் லேசான பள்ளம்.

அவ்வளவுதான், மாஸ்டர் பயந்துபோனார். பயம் ஏற ஏறப் பிரேக்கில் அழுத்தமும் ஏறியது. வண்டி நகர்ந்த நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். சனிக்கிழமை மகள் நடுரோட்டில் ஸ்டியரிங்கில் தலை கவிழ்த்து அழுதாள்.

"எனக்கு இந்த வேலையே வேணாம்பா. உங்க கால் இல்லாம எனக்கு ஓட்டவே வராது."

அந்த வார்த்தை மாஸ்டரை உலுக்கிவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"தினமும் கூடவே வா, கூடவே வான்னு கூப்பிடுறது யாரு?"

"நான்தான்."

"முன்னாடி ரெண்டு சீட்டும் ரொம்பியாச்சு. வந்தவரு எங்க உக்காருவாரு? டிக்கியிலயா?"

மாஸ்டர் வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தார்.

"பொறுப்பை அவர்கிட்ட குடுத்துட்டு, கால மட்டும் பிரேக்குலயே வச்சிருக்கீங்க. நான் அவரா இருந்தா பாதி வழியிலயே இறங்கிப் போயிருப்பேன். அவரு பாவம், பெல்ட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. நாளைக்கு ஒரு நாள் அந்தக் கால எடுத்துத்தான் வையுங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே ஒரே பனிமூட்டம். மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்னப்பா இது, பந்திக்கு உக்காந்த மாதிரி?"

"நீ ஓட்டும்மா. நான் எதுலயும் தலையிடல." பின் சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார், "நீயே பாத்துக்கப்பா."

வீட்டை விட்டால் உடனே இறக்கம். இறக்கத்தின் அடியில் ரயில்வே கேட். பாதி தூரம் இறங்கியதும் பனிக்குள்ளிருந்து சிவப்பு விளக்குத் தெரிந்தது. கேட் மூடியிருந்தது. ரயிலின் கூவலும் கேட்டது.

"பிரேக்கு!" என்று கத்தினார். காலை இறக்கப் பார்த்தார். சம்மணம் போட்ட கால் மரத்துப்போய் அசைய மறுத்தது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

வண்டி குலுங்கவில்லை, கிறீச்சிடவில்லை. தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல மெதுவாக நின்றது. கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவு இடம். ரயில் தடதடவென்று கடந்து போனது. பின் சீட்டின் ஸ்பிரிங் மட்டும் ஒருமுறை முனகியது.

மாஸ்டர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். அத்தனை வருஷப் பாரமும் இறங்கியது போலிருந்தது அவருக்கு.

இருந்தாலும் பழக்கதோஷம் விடுமா? திரும்பும்போது கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. வீட்டு வாசலில் அவர் மிதித்து நிறுத்தியதைப் பார்த்து மகள் சிரித்துவிட்டாள்.

"சும்மா மிதிக்காதீங்கப்பா. உங்க பிரேக்கு வேலையே செய்யாது."

"என்னது?"

"போன வாரம் ஆயில் மாத்த வந்த மெக்கானிக் அண்ணன்கிட்ட, உங்க பக்கத்துக் கம்பியை யாருக்கும் தெரியாம கழட்டச் சொன்னேன். கோவிச்சுக்காதீங்கப்பா. வேற வழி தெரியல."

"அப்போ இந்த ஒரு வாரமும்..."

"நான் மிதிச்சுத்தான் நின்னுச்சு. பூனை உள்பட. நேத்து அழுது நடிச்சதுதான் கொஞ்சம் ஓவர்."

மாஸ்டர் தன் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது.

"ரயில்வே கேட்டுகிட்ட நான் பிரேக்குல கால வைக்கவே இல்லம்மா. நீ ஒருத்திதான் மிதிச்ச. நீயேதான் நிறுத்தின. இனிமே எனக்கு என்ன பயம்?" சாவியை அவள் கையில் வைத்து மூடினார். "இறக்கத்துல தனியா ஒரு தடவை போயிட்டு வா."

அவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். உள்ளே 'டக்' என்று பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது. மகள் தன் பெல்ட்டை இன்னும் தொடவே இல்லை. மாஸ்டர் இந்த முறை பயப்படவில்லை. பின் ஜன்னலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அந்த நேரத்தில்தான் நீளமான ஒரு இரும்புக் கம்பியைத் தலைக்கு மேல் ஆட்டியபடி, மெக்கானிக் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"வண்டிய எடுத்துடாத பாப்பா! அடியில படுத்துக்கிட்டுப் பாத்ததுல எனக்குப் பக்கம் மாறிப்போச்சு, போன வாரம் நான் கழட்டினது உன் பிரேக்கை!"